பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பொறுப்பாளர்

அன்புள்ள மகனுக்குச் சித்தப்பா எழுதுவது. உன் சித்திக்கு முழங்காலில் வலி. எனக்கு, உன் கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பேசியதில் வாயில் வலி. மற்றபடி நாங்கள் இங்கே சௌக்கியம். பத்திரிகை சிவகாசியில் அடித்தது. பிரஸ் முதலாளி என்னைக் கண்டதும் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து நின்றார், மூன்று கலர் கேட்டவனுக்கு ஐந்து கலரில் அடித்துக் கொடுத்தார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். எழுந்தது அவருடைய கணக்கப்பிள்ளை. அதுவும் வெற்றிலை துப்புவதற்கு.

மதுரை என்ன சீமையிலா இருக்கிறது, நேரில் வந்து சொல்லாமல் இந்த மனுஷன் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். நேரில் சொன்னால் நான் சொல்ல வந்தது ஒன்றாகவும் சொல்லி முடித்தது வேறொன்றாகவும் போய்விடும். கேட்கிறவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு தெரிந்தால் போதும், என் நாக்குக்குக் கால் முளைத்துவிடும். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வேகத்தில் பொய் சொல்ல எனக்கே பொறுமை கிடையாது. அதனால் இதில் இருப்பதை நம்பு.

என் அண்ணன், உன்னைப் பெற்றவர், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் கண்ணை மூடினார். உன் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். ஊர்க்கணக்கில் நான் உனக்குச் சித்தப்பன். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் தகப்பனார் என்ற இடத்தில் இருப்பது என் பேர். உன்னைத் தோளில் சுமந்தது, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாவற்றையும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், அது உனக்குத் தெரியும். சாத்தூரிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் ஒடிந்த தீப்பெட்டி மிஷினானாலும் சரி, விரிசல் விட்ட மெழுகுச் சட்டியானாலும் சரி, காஸ் வெல்டிங் என்றால் என் கைதான் என்பதும், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒட்டுவேன் என்பதும் நான் சொல்வதுதான். அதில் பாதி நிஜம். ஆனால் சர்க்கார் தொழிற்பயிற்சியில் நீ தேறி, உன் போட்டோ ஒட்டிய சான்றிதழ் தபாலில் வந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் முழு நிஜம். தெருவே கூடி நின்று பார்த்தது என்று இன்றைக்கும் சொல்கிறேன். பார்த்தது தபால்காரரும் எதிர்வீட்டு ஆடும்தான்.

அந்தச் சான்றிதழைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். காஸ் வெல்டிங் பட்டறைக்குக் கார்பைடு கல் வேண்டும். தண்ணீர் பட்டால் காஸ் கக்குகிற கல். அதை டின் டின்னாக வாங்கி வைக்க சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸில், படித்துத் தேறிய ஒரு ஆளைப் பொறுப்பாளர் என்று எழுத வேண்டும். நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களில் எத்தனை பேர் தேறியிருக்கிறார்கள்? அதனால் தேறிய ஒருவருடைய பேரை வாங்கி எழுதிக்கொள்வார்கள். அவரைப் பேர்க்காரர் என்போம். பேர்க்காரர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, வந்து வேட்டி துண்டும் பொரிகடலையும் ஒரு கவரும் வாங்கிக்கொண்டு போவார். உன்னிடம் மூன்று பட்டறைக்காரர்கள் பேர் கேட்டு வந்தார்கள். நீ மதுரை மில் வேலையை விடாமலே மூன்று பேருக்கும் கொடுத்தாய். "பேருதான சித்தப்பா, குடுத்தா தேஞ்சா போகும்?" என்றாய். நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். ஏனென்றால் அந்த வசனம் என்னுடையது. பந்திக்குப் பந்தி நான் சொல்கிற டிரம் கதையில் முதலாளி சொல்வதாக நான் வைத்தது.

போன வாரம் அந்த மூன்று பட்டறைக்கும் பத்திரிகை வைக்கப் போனேன். மற்ற இரண்டையும் விடு. ஏழாயிரம்பண்ணைக்கு வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் சகதியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு பக்கம் பட்டாசு கம்பெனி வேலி. வேன் வந்து நின்று பொம்பளைகள் தூக்குச்சட்டியோடு இறங்கிப் போகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், உன் பேர் இருக்கிற பட்டறை. தகரக் கொட்டகை. உள்ளே போனதும் எதிர்ச்சுவரில் நீ. சட்டம் போட்ட கண்ணாடிக்குள் லைசென்ஸ், அதன் பக்கத்திலேயே உன் சான்றிதழ். ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை காய்ந்து தொங்குகிறது. கண்ணாடி மேல் சந்தனம் அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார்கள். சரியாக உன் போட்டோ மேல். உன் கண் இரண்டும் தெரியவில்லை.

வேலைக்காரன் ஒருவன், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவன் இருப்பான், "என்ன வேணும்யா?" என்றான். சுவரைக் காட்டி, என் மகன் என்றேன். பயல் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நேராக நின்றுவிட்டான்.

"நெசமாவா? எங்க ஐயாவோட அப்பாவா நீங்க? உக்காருங்க, உக்காருங்க. நாங்க ஐயாவ நேருல பாத்ததில்ல. போட்டோலதான்."

"ஒரு தடவகூட வரலையாப்பா?"

"சாமி எங்கய்யா நேருல வருது? பேரு இருந்தாப் போதும், அது காவல் காத்துக்கிடும்."

மூலையில் கார்பைடு டின் இருந்தது. மூடி இல்லை. சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். தலைக்கு மேல் தகரத்தில் சல்லடை மாதிரி ஓட்டை. கார்த்திகை மாதம், வெளியே மேகம் கறுத்து நிற்கிறது. ஏப்பா, மழை ஒழுகி இதில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒழுகுற எடத்துக்கு நேரா வைக்க மாட்டோம்யா. அம்புட்டு வெவரமில்லாதவுகளா நாங்க?" என்று சிரித்தான். பிறகு அவனாகவே, "ஆயுத பூஜைக்கு மொத சூடம் எங்க ஐயாவுக்குத்தான்" என்று உன்னைக் காட்டினான். அடுத்தது யாருக்கு என்றேன். "அடுத்தது டிரம்முக்கு. சோறு போடுறது அதுல்ல?"

கல்லும் தண்ணீரும் சேர்ந்து காஸ் நிரம்பி நிற்கிற டிரம், அதற்கு முன்னால் சூடம் கொளுத்துகிறார்கள். வெடிக்காதாடா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். "வெடிக்காதுய்யா. சாத்தூர்ல ஒரு கிறுக்கன் பேர்க்காரன் சூடத்தக் கொண்டுபோயி டிரம்மு மூடி மேலயே ஒட்டி வச்சானாம். அதான் பறந்துபோச்சு. நாங்க ஒரு கையளவு தள்ளி நின்னுல்ல காட்டுவோம்! அந்தக் கதைய ஒருத்தரு சொல்லுவாராம்யா, வயிறு வலிக்கச் சிரிக்கலாமாம்." அந்த ஒருத்தர் நான்தான். பத்திரிகையை வெல்டிங் மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாக்கை எடுத்துவிட்டு மூடியைத் தேடிப் போட வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

டிரம் கதை உனக்கு மனப்பாடம். தொட்டிலில் தூங்கும்போதே கேட்டு வளர்ந்தாய் என்பேன், அது புளுகு. புது நயா பைசா வந்த சமயம் நடந்தது அது, நீ அப்போது அரைக்கால் சட்டை போட்டு ஆறாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். கதையில், நான் வேலை பார்த்த சாத்தூர்ப் பட்டறைக்கு ஆயுத பூஜையன்று பேர்க்காரர் அண்ணாச்சி விருதுநகரிலிருந்து வருகிறார். பட்டு வேட்டி, தொந்தி, கையில் வெள்ளிப் பூண் போட்ட கம்பு. முதலாளி கையிலிருந்து தட்டைப் பிடுங்கி, "பொறுப்பாளர் நானிருக்க நீரு யாருவே சூடம் காட்ட?" என்று சொல்லி, டிரம் மூடி மேல் சூடத்தை ஒட்டி மணியை ஆட்டுகிறார். டிரம் "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறது. கூரையைப் பிய்த்துக்கொண்டு வைப்பாற்றுப் பாலத்துக்கு மேலே போகிறது. திருநெல்வேலி ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கும்பிடுகிறார்கள். அக்கரைப் புளியமரத்தில் போய் உட்காருகிறது. இங்கே புகை அடங்கினால் அண்ணாச்சி மீசையும் புருவமும் இல்லாமல் நிற்கிறார். நின்றுகொண்டு கேட்கிறார்: "என்ன, சாமி ஏத்துக்கிடுச்சா?" அந்த இடத்தில் பந்தியே உருளும். நீ எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் உருளுவாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அண்ணாச்சிக்குத் தொந்தி கிடையாது. விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் பிட்டர். அதற்கு முன்னால் ரயில்வே பட்டறையில் வேலை கற்றவர். பேர் கொடுத்த முதல் வருஷம் ஆயுத பூஜைக்கு வந்தவர், முதலாளி சூடத்தட்டோடு டிரம் பக்கம் திரும்பியதும் குறுக்கே வந்து நின்றார். "மொதலாளி, இவளுக்குச் சூடம் ஆகாது. பூவோட விட்டிருங்க. இவ கோவக்காரி" என்றார். முதலாளிக்கு முகம் சுருங்கியது, ஆனால் கேட்டுக்கொண்டார். பேர்க்காரரைப் பகைக்க முடியாதல்லவா. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அண்ணாச்சி வருவார், பூஜை முடிகிறவரை டிரம்முக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பிறகுதான் பொரிகடலை வாங்குவார். ஏன் நிற்கிறார் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. அது ஒரு சாங்கியம் போல என்று விட்டுவிட்டோம். லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியாது. அது இங்கிலீஷில் இருந்தது, மேலே சந்தனம் குங்குமம் வேறு.

அந்த வருஷம் அவர் வந்த பஸ் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. முதலாளி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "நல்ல நேரம் போகுதுலே. அவரு வாரப்ப வரட்டும், பேருதான் சொவத்துல இருக்கே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்தார். லைசென்ஸுக்குக் காட்டினார். பட்டறைக் கல்லுக்குக் காட்டினார். டிரம்முக்குத் திரும்பினார். மூடி மேலெல்லாம் ஒட்டவில்லை. ஒரு கையளவு தள்ளித்தான் காட்டினார், ஏழாயிரம்பண்ணையில் காட்டுகிற மாதிரி. காலையிலிருந்தே பூண்டு அழுகின வாடை அடித்துக்கொண்டிருந்தது. காஸ் கசிகிற வாடை அது என்று எனக்குத் தெரியும், ஊதுவத்தி வாடையில் அதை யார் மோந்து பார்த்தார்கள்? நான் வாசலோரம் தேங்காய் உடைக்க நின்றேன். டிரம்முக்குப் பக்கத்தில் மணி ஆட்டிக்கொண்டு நின்றவன் பொன்னுச்சாமி. என்னோடு வேலை பார்த்தவன்.

டிரம் எங்கேயும் பறக்கவில்லை. ஒரு பக்கமாகக் கிழிந்தது, கூரைத் தகரம் இரண்டு தூக்கிக்கொண்டு விழுந்தது, உள்ளே இருந்த கார்பைடுச் சுண்ணாம்பு முழுவதும் வெளியே அடித்தது. முதலாளிக்குக் கையில் சூடு. பொன்னுச்சாமி தலை முதல் கால் வரை வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றான். கையில் மணி இருந்தது. அவன்தான் கேட்டான்: "அண்ணே, சூடம் அணஞ்சிருச்சா? ஒண்ணுமே தெரியலையே." அந்தக் கேள்வியைத்தான் நான் மாற்றி அண்ணாச்சி வாயில் வைத்து, பத்து வருஷமாகப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் அவன் கண்ணைக் கழுவவில்லை. தண்ணீர்ப் பானை நாலு எட்டில் இருந்தது. கார்பைடு இருக்கிற இடத்தில் தண்ணீர் கொண்டுவராதே என்று தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய ஆட்கள் நாங்கள். "தண்ணி படப்படாது, தண்ணி படப்படாது" என்று கத்திக்கொண்டு துண்டால் துடைத்தோம். துடைக்கத் துடைக்கச் சுண்ணாம்பு உள்ளே போனது. அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தார். வந்தவர் டிரம்மைப் பார்க்கவில்லை, லைசென்ஸைப் பார்க்கவில்லை. "கழுவுங்கலே, கழுவுங்க! கல்லு வெந்து தீந்துபோச்சு, இனி இது வெறுஞ் சுண்ணாம்பு" என்று பானையைத் தூக்கிக் கவிழ்த்தார். கிணற்றிலிருந்து நாங்கள் இறைக்க இறைக்க அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் அதுவரை பஸ்ஸில் இருந்தார். பொன்னுச்சாமிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. உடனே கழுவியிருந்தால் ஒன்றாவது நின்றிருக்கும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரில் இருந்ததை இறக்கச் சொன்னார். "மொதல்ல இதத் தொடைங்கய்யா" என்றார். குங்குமத்தைத் துடைத்த இடத்தில் இருந்த வரியைத்தான் அவர் தமிழில் படித்தார். நெருப்பு எந்த ரூபத்திலும் அருகில் கொண்டுவரக் கூடாது, வேலை நடக்கிற நேரமெல்லாம் பொறுப்பாளர் அங்கே இருக்க வேண்டும். யார் பொறுப்பாளர் என்று கேட்டார். நான்தான் சார் என்றார் அண்ணாச்சி.

"அன்னைக்கு எங்கய்யா இருந்தீரு?"

"பஸ்ஸுல சார்."

"லைசென்ஸு பட்டறைக்குக் குடுத்தாகளா, பஸ்ஸுக்குக் குடுத்தாகளா?"

எங்களில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டோம். ஆமாம், நானும்தான். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பஸ் நின்றுவிட்டது என்று சொல்லவில்லை, மற்ற வருஷமெல்லாம் தடுத்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வருஷத்தில் மற்ற நாளெல்லாம் எங்கே இருந்தீர் என்று கேட்டிருப்பார்கள். கேஸ் நடந்தது. அவர் பேர் ரத்தானது. எண்ணெய் மில்லிலும் நிறுத்திவிட்டார்கள். முதலாளி பட்டறைக்கு வேறொரு பேர் வாங்கி, தை பிறக்கும் முன்னால் திறந்துவிட்டார். நான் அங்கேயே வேலையைத் தொடர்ந்தேன்.

கதையில் சூடத்தட்டை ஏன் அண்ணாச்சி கையில் கொடுத்தேன் என்று நீ கேட்கலாம். யோசித்துப் பார்த்தேன். கதைக்கு ஒரு முட்டாள் வேண்டியிருந்தது. முதலாளியை முட்டாளாக்கினால் சனிக்கிழமை சம்பளம் கிடைக்காது. பொன்னுச்சாமியை வைத்துச் சிரிக்க யாருக்கும் மனசு வராது. என்னை நானே வைத்துக்கொள்கிற ஆளா நான்? மிச்சம் இருந்தது, அங்கே இல்லாதவர். இல்லாத ஆள் மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், மறுத்துப் பேச வர மாட்டான். சட்டமும் அதைத்தானே செய்தது? சட்டத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. சுவரைப் பார்த்தது. பேர் இருந்தது, ஆள் இல்லை. தோதாகப் போய்விட்டது. பேர் தேயாது என்று நான் சொன்னது சரிதான் மகனே. பேர் தேயவே தேயாது. ஆள்தான் தேய்ந்துபோவான்.

நீ பயிற்சிக்குப் போன வருஷம், நம் தெருவில் நடந்த கல்யாணம் ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கும். பந்தியில் என் பக்கத்து இலை உனக்கு. கதையைச் சொல்லச் சொல்லி நச்சரித்தார்கள், சொன்னேன். அன்றைக்கு என் வாய்க்குச் சரஸ்வதியே வந்து உட்கார்ந்திருந்தாள். புளியமரத்தில் டிரம்முக்குக் கீழே ஒரு கிளி கூடு கட்டியது வரைக்கும் புதிதாகச் சேர்த்தேன். எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு வரிசைக் கடைசியில் ஒரு பெரியவர், ஒல்லியாக, நரைத்த மீசை, அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நல்லாச் சொல்றீக தம்பி. ஆனா நான் அன்னைக்குப் பட்டு வேட்டி கட்டல. எட்டு முழம், வெள்ளதான்." சொல்லிவிட்டு, பாயசம் ஊற்ற வந்தவனிடம் போதும் என்று இலையை மடித்துக்கொண்டு எழுந்தார். நீ என் காதில், "யாரு சித்தப்பா அந்தக் கெழவரு, கதைக்குள்ள வந்து நிக்காரு?" என்று கேட்டாய். எவனோ தெரியாது என்றேன். அவர்தான் அண்ணாச்சி.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து திரும்பியவன் இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையில் அவர் பேரை எழுதிக்கொண்டு விருதுநகர் போனேன். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்டவ் ரிப்பேர் செய்கிறார். என்னைக் கண்டதும், "ஏ, கதைக்காரரு வந்திருக்காக, காப்பி போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். குத்திக் காட்டுகிறாரா, நிஜமாகவே உபசரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பத்திரிகையை வாங்கி உன் பேரை விரலால் தொட்டுப் படித்தார். "பயலுக்கு என்ன ஜோலி?" என்றார். மில்லில் வெல்டிங், சான்றிதழ் வாங்கியவன் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் ஸ்டவ்வுக்குக் காற்று அடித்துக்கொண்டே கேட்டார்.

"பேரு எங்கயாச்சும் மாட்டிருக்கா?"

"மூணு எடத்துல அண்ணாச்சி."

"இப்ப எந்த பஸ்ஸுல இருக்கான்?"

கதையை இனிமேல் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். "சொல்லுங்க, சொல்லுங்க. ஆனா பொன்னுச்சாமிய விட்டுட்டுச் சொல்லாதீக" என்றார். பிறகு தெரிந்துகொண்டேன், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விருதுநகரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பொன்னுச்சாமி வீட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பொன்னுச்சாமி வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் தெரு முனை திரும்பினால் நாலாவது வீடு. நான் அந்த வழியாகத்தான் தினமும் டீக்கடைக்குப் போகிறேன். போகும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். அவனுக்குத்தான் கண் தெரியாதே, எனக்கு எதற்கு அந்த ஜாக்கிரதை என்று இப்போது தோன்றுகிறது. நேற்று அவனுக்கும் பத்திரிகை வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "அஞ்சு கலராண்ணே?" என்று கேட்டான். மூணுதான்டா என்றேன்.

மகனே, உனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை, அதை நீ படித்து வாங்கியிருக்கிறாய். ஒன்றுதான் கேட்கிறேன். ஒரு பட்டறைக்குப் பேர் கொடுத்தால் அங்கே நில். நின்று, டின்னுக்கு மூடி இருக்கிறதா, டிரம் கொட்டகைக்கு வெளியே இருக்கிறதா என்று பார். சூடத்தட்டு வந்தால் குறுக்கே போ, எத்தனை பெரிய முதலாளி கையில் இருந்தாலும் சரி. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் கழுவ வேண்டும் என்று அங்கே இருக்கிற ஒவ்வொருவனுக்கும் உன் வாயால் சொல். நிற்க முடியாது என்றால் பேரை எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று லைசென்ஸ் கொடுத்த ஆபீசுக்கும் எழுதிப் போடு. பட்டறைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கல்யாணத்துக்கு வர மாட்டார்கள், மொய் குறையும். குறையட்டும். உனக்கென்று ஒரு பட்டறை வேண்டும் என்று ஆசை இருந்தால் மில்லை விட்டுவிட்டு வா, நான் கூட்டிப் பெருக்குகிறேன். எனக்குக் கீழே நீ வேலை பார்த்தாய் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன், அதை மட்டும் பொறுத்துக்கொள்.

தை பிறந்ததும் கல்யாணம். பந்தி முடியும் முன்னால் யாராவது ஒருத்தன், "டிரம் கதையை எடுத்து விடும்" என்பான். அண்ணாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பொன்னுச்சாமியை நானே கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். அவர்கள் இரண்டு பேரையும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு, தட்டு யார் கையில் இருந்ததோ அவர் கையில் வைத்துச் சொல்லப் போகிறேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். சோறு இறங்காது என்று பெண்வீட்டார்கூடக் குறைப்பட்டுக்கொள்வார்கள். உன் பேர் அந்தச் சுவர்களில் இருக்கிறவரை, நான் போன பிறகு இன்னொரு வாயாடி வேறொரு பந்தியில் வேறொரு கதை சொல்வான். அதில் ஏழாயிரம்பண்ணை இருக்கும், பட்டாசு கம்பெனி வேலி இருக்கும், தூக்குச்சட்டியோடு இறங்குகிற பொம்பளைகள் இருப்பார்கள். பட்டு வேட்டி உனக்குக் கட்டிவிடுவான். வரிசைக் கடைசியில் உட்கார்ந்து நீ சிரிக்க வேண்டியிருக்கும்.

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இந்தக் கடிதம் கையில் கிடைத்த மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போ. கண்ணாடியைத் துடைத்து உன் முகத்தைப் பார். பிறகு சட்டத்தை இறக்கிக்கொண்டு வா, ஆணி அங்கேயே இருக்கட்டும். வரும் முன்னால் அந்த டின்னுக்கு ஒரு மூடி தேடிப் போட்டுவிடு, அது நான் போடாமல் வந்தது.

முதல் பஸ்ஸிலேயே போ.

உன் சித்தப்பா